பிஸ்டல் ஜாம் ஆவதற்குக் காரணம் சுடுபவரின் பிடியா, பிஸ்டலின் அமைப்பா?

அஸ்தம்பட்டி அம்மா (கேள்வி):
வணக்கம். என் மகள் சேலத்தில் ஒரு துப்பாக்கி சுடும் சங்கத்தில் 25 மீட்டர் பிஸ்டல் போட்டிக்குப் பயிற்சி பெறுகிறாள். சில வாரங்களாகச் சங்கத்தின் .22 (குழல் விட்டம் 0.22 அங்குலம்) பிஸ்டலில், சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூடு வெளியே தெறிக்காமல் நிமிர்ந்தபடி சிக்கிக்கொள்கிறது. மணிக்கட்டு தளர்வதால்தான் என்கிறார் பயிற்சியாளர். பிஸ்டல் பழையது என்கிறாள் மகள். பிடி தளர்ந்தால் துப்பாக்கி நின்றுபோகுமா? இருவரில் யார் சொல்வது சரி என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நாகலூர் ஆர்மரர்:
அம்மா, துப்பாக்கிகளைப் பழுதுபார்க்கும் ஆர்மரர் என்ற முறையில் சொல்கிறேன், பிடி தளர்ந்தால் நின்றுபோவது உண்மைதான். தோட்டா வெடித்ததும் ஸ்லைடு (பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் ஓடும் பகுதி) பின்னோக்கி ஓடி, ரிகாயில் ஸ்பிரிங்கை (அதை மீண்டும் முன்னே தள்ளும் சுருள்வில்லை) அழுத்தி, கூட்டை வெளியே தள்ளிவிட்டு, திரும்பும்போது அடுத்த தோட்டாவை மேகசினிலிருந்து (தோட்டாக்களை அடுக்கி வைக்கும் உறை) சேம்பருக்குள் (குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறை) ஏற்ற வேண்டும். அதற்குக் கைப்பிடியோடு கூடிய கீழ்ச்சட்டகம் ஓரளவு அசையாமல் நிற்க வேண்டும். மணிக்கட்டு இளகிச் சட்டகமும் ஸ்லைடோடு சேர்ந்து பின்னே போனால், ஸ்லைடு சட்டகத்தின்மேல் ஓடும் தொலைவும் வேகமும் குறைந்து, கூடு பாதி வழியில் மாட்டிக்கொள்ளும்.

ஆனால் எல்லா பிஸ்டலும் கையை ஒரே அளவுக்கு நம்பியிருப்பதில்லை. 1911இல் அமெரிக்க ராணுவம் ஏற்ற கோல்ட் பிஸ்டல், இரும்புச் சட்டகத்தோடு ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ளது. அந்த எடையே பாதி வேலையைச் செய்துவிடும். 1980களில் வந்த கிளாக் 17இன் சட்டகம் எடை குறைந்த பாலிமரால் (ஒரு வகைப் பிளாஸ்டிக்) ஆனது என்பதால், அங்கே கைதான் அந்தக் குறையை ஈடுசெய்ய வேண்டும். ஆகவே, தளர்ந்த பிடியைத் தாங்கும் சக்தியும் அமைப்பின் ஒரு பகுதிதான்.

உங்கள் மகள் சுடுவதோ, பின்னுதைப்பு மிகக் குறைந்த .22 தோட்டாவை, கனமான போட்டிப் பிஸ்டலில். அங்கே மணிக்கட்டை நான் கடைசியாகத்தான் சந்தேகிப்பேன். பெண்பிள்ளை என்றதும் கையில் வலுவில்லை என்று சொல்லிவிடும் வழக்கத்தில் எனக்கு உடன்பாடில்லை. .22 தோட்டாவின் ஈயக் குண்டில் பூசிய மெழுகும் வெடிமருந்துக் கரியும் சேம்பரிலும் எக்ஸ்ட்ராக்டரின் (கூட்டைச் சேம்பரிலிருந்து இழுக்கும் கொக்கி) நகத்திலும் படிந்து, கூடு வெளிவருவதைத் தடுக்கும்; மழைக்காலத்தில் துருவுக்குப் பயந்து எங்கள் ஏற்காடு மலையில் செய்வதுபோல் எண்ணெயை அதிகம் விட்டால், அந்தப் படிவு பசையாகவே மாறிவிடும்.

அம்மாபேட்டை வீரர்:
ஆர்மரர் ஐயா சொன்னதை ஏற்கிறேன். ஆயினும் பிடியை முழுவதும் விலக்கிவிட முடியாது. சில பிஸ்டல்களில் கட்டைவிரல் ஸ்லைடின் பக்கவாட்டில் உரசி அதன் ஓட்டத்தைக் குறைக்கும். 25 மீட்டரில் ஒற்றைக் கையால்தான் சுட வேண்டும் என்பதால், விரல் எங்கே படுகிறது என்பதைப் பயிற்சியாளர் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். மேகசின்களுக்கு எண் எழுதி, எந்த எண்ணில், எந்தப் பெட்டித் தோட்டாவில் சிக்கியது என்று குறித்து வையுங்கள். பிறகு அதே பிஸ்டல், மேகசின், தோட்டாவோடு அனுபவமுள்ள வேறொருவர் சுடட்டும். அவர் கையிலும் சிக்கினால் மணிக்கட்டின் மேல் பழி போட இடமில்லை. போட்டியில் சிக்கினால், நடுவர் பார்க்கும் முன் உங்கள் மகள் ஸ்லைடைத் தொடக் கூடாது. தொட்டால் அதை ஏற்கத்தக்க கோளாறாகக் கணக்கில் எடுக்க மாட்டார்கள்.

அஸ்தம்பட்டி அம்மா:
இருவருக்கும் மிக்க நன்றி. ஒரே ஓர் ஐயம்: ரிகாயில் ஸ்பிரிங்கைச் சற்று வெட்டி இளக்கினால் சரியாகிவிடும் என்று ஒருவர் சொன்னார். செய்யலாமா?

நாகலூர் ஆர்மரர்:
வேண்டாம், அம்மா. வெட்டினால் கூடு தெறிக்கலாம். ஆனால் ஸ்லைடு சட்டகத்தில் ஓங்கி மோதி நாளடைவில் விரிசல் விடும், அடுத்த தோட்டாவை ஏற்றும் வலுவும் குறையும். முதலில் சேம்பரையும் எக்ஸ்ட்ராக்டரையும் துலக்கி, அடுத்து மேகசினை மாற்றி, பிறகு வேறு வகைத் தோட்டாவைப் போட்டுப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கூடு சிக்காமல் தோட்டா வெடிக்காமலே நின்றால், குழலை இலக்கை நோக்கியே சிறிது நேரம் வைத்திருந்து, பிறகு தோட்டாவை வெளியே எடுத்து அதன் அடிவிளிம்பைப் பாருங்கள். ஃபயரிங் பின்னின் (தோட்டாவை அடித்து வெடிக்கச் செய்யும் ஊசி) தடம் ஆழமாக இருந்தும் வெடிக்கவில்லை என்றால் கோளாறு தோட்டாவில். தடம் மேலோட்டமாக இருந்தால் பிஸ்டலில். இரண்டுக்கும் உங்கள் மகளின் பிடி பொறுப்பில்லை.