ஒரே கடையில் தாய்லாந்துச் சாப்பாடும் ஃபிஷ் அண்ட் சிப்ஸும்: சைவ அம்மா, கர்ப்பிணி மனைவி, சின்னப் பையன்... எதை எப்படி ஆர்டர் பண்றது?

கிளேட்டன்_புதுசு கேட்டது:

மெல்பன் தென்கிழக்குப் பக்கம் வீடு மாத்தியிருக்கோம். பக்கத்துத் தெருக் கடைவரிசையில சின்னதா ஒரு கடை. கவுன்டருக்கு மேல ஃபிஷ் அண்ட் சிப்ஸ் போர்டு, மேசை மேல தாய் மெனு. விலை மலிவு, கூட்டமும் இருக்கு. வர்ற வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு பேரும் உக்காந்து சாப்பிடலாம்னு இருக்கோம்.

அம்மா சுத்த சைவம், முட்டையும் கிடையாது. மனைவி மீன், கோழி சாப்பிடுவாங்க, மாடு மட்டும் எந்த வடிவத்துலயும் கூடாது, இப்ப அஞ்சாம் மாசம். பையனுக்கு நாலு வயசு, காரம் ஆகாது. எனக்கு எல்லாம் ஓகே.

சிப்ஸை மாட்டுக்கொழுப்பில பொரிப்பாங்கன்னு சொல்றாங்களே, எப்படிக் கண்டுபிடிக்கறது? தாய் மெனுவுல ‘வெஜிடபிள்ஸ் அண்ட் டோஃபு’ன்னு போட்டிருக்கறதை அம்மா நம்பிச் சாப்பிடலாமா? ஃப்ளேக், ப்ளூ கிரெனடியர், பாரமண்டி, பாசான்னு நாலு மீன் எழுதியிருக்கு, எதை வாங்கறது? 80 டாலருக்குள்ள முடியுமா?

கொதியெண்ணெய்:

எண்ணெய்க் கேள்விக்கு மட்டும் சொல்றேன்.

“வெஜிடபிள் ஆயில்தானே?”ன்னு கேட்டா கவுன்டர்ல நிக்கற பையன் பழக்கத்துல ஆமான்னுடுவான். “ஃப்ரையர்ல இருக்கறது பீஃப் டாலோவா, காட்டன்சீட்டா, கனோலாவா?”ன்னு பேரைச் சொல்லிக் கேளுங்க. பீஃப் டாலோன்னா உருக்கின மாட்டுக்கொழுப்பு, மத்த ரெண்டும் தாவர எண்ணெய். தெரியலைன்னா டப்பாவைக் காட்டச் சொல்லுங்க, யாரும் கோச்சுக்க மாட்டாங்க. திரவ எண்ணெய் பெரும்பாலும் 20 லிட்டர் டின்ல வரும். மாட்டுக்கொழுப்பு அட்டைப்பெட்டியில கட்டியா வரும். ஆனா பாமாயிலும் கட்டியா வர்றது உண்டு, அதனால கட்டியைப் பாத்து முடிவு பண்ணாம லேபிளைப் படிங்க. ‘டாலோ’, ‘அனிமல் ஃபேட்’ இருந்தா விஷயம் முடிஞ்சது. ‘ப்ளெண்டட்’னு இருந்தா கலவை, உள்ளடக்கப் பட்டியலைப் பாக்காம விடாதீங்க. டாலோவுல பொரிக்கறதைப் பெருமையா போர்டுலயே எழுதி வைக்கற கடைகளும் இப்ப இருக்கு, அங்க கேக்கவே வேண்டியதில்லை. வாங்கின பிறகு சந்தேகம் வந்தா நாலு சிப்ஸை நல்லா ஆற விடுங்க. வெள்ளையா உறைஞ்சு மேலண்ணத்துல மெழுகு மாதிரி ஒட்டினா அது கட்டிக்கொழுப்பு. எந்தக் கொழுப்புன்னு நாக்கு சொல்லாது.

எண்ணெய் தாவர எண்ணெய்தான்னு உறுதியானாலும் அம்மாவுக்குப் பிரச்சனை தீரலை. சின்னக் கடையில ரெண்டு மூணு ஃப்ரையர்தான் இருக்கும். கூட்டம் இல்லாத நேரத்துல கரன்ட், கேஸ் மிச்சம் பிடிக்க ஒண்ணைத்தான் சூடா வச்சிருப்பாங்க. மீன், கலமாரி (கணவாய்), டிம் சிம், தாய் பக்கத்து ஸ்ப்ரிங் ரோல், மீன் கேக் எல்லாம் அதே எண்ணெயிலதான் இறங்கும். டிம் சிம்னா மெல்பன்ல 1945ல வில்லியம் விங் யங் கொண்டுவந்த உருண்டை. முட்டைக்கோஸோட இறைச்சி கலந்திருக்கும், சில தயாரிப்புல அது மாட்டிறைச்சி. உங்க மனைவிக்கும் இது பொருந்தும். “சிப்ஸுக்குத் தனி ஃப்ரையர் இருக்கா, இன்னைக்கு ஓடுதா?”ன்னு ரெண்டையும் கேளுங்க. முதல் கேள்விக்கு மட்டும் ஆமான்னு பதில் வாங்கிட்டு ஏமாந்தவங்க நிறைய.

அப்போ பொரிக்காம ‘கிரில்டு ஃபிஷ்’ வாங்கிடலாம்னு தோணும். அந்தத் தகடு பெரும்பாலும் பர்கருக்கு மாட்டிறைச்சி வேகற அதே தகடு. மெனுவுல பர்கர் இருந்தா, தனிக் கடாயில சமைச்சுத் தர முடியுமான்னு கேளுங்க. தாய் சமையல்காரர் இருக்கற கடையில வாக் கடாய் எப்படியும் இருக்கும், இதுதான் இந்த மாதிரி ரெட்டைக் கடையோட வசதி.

நேரம் முக்கியம். 180 டிகிரி எண்ணெயில உறைஞ்ச சிப்ஸைக் கூடை நிறையப் போட்டா சூடு சட்டுன்னு விழும், மேல்தோல் இறுகறதுக்குள்ள எண்ணெயைக் குடிச்சுடும். வெள்ளி ஆறு மணியில இருந்து ஏழரை வரைக்கும் எல்லாக் கடையிலயும் இதுதான் நடக்கும். அஞ்சேகாலுக்குப் போயிடுங்க. புனித வெள்ளியன்னிக்கு மீன் கடையில கூட்டம் இன்னும் மோசம், அந்தப் பக்கமே போகாதீங்க.

சங்கானை_சட்டி:

தாய் பக்கம் நான் சொல்லுறன்.

‘வெஜிடபிள்ஸ் அண்ட் டோஃபு’ எண்டு போட்டிருந்தால் இறைச்சித்துண்டு இல்லை எண்டது மட்டும்தான் அர்த்தம். மச்சம் (அசைவம்) நாலு வழியால உள்ளுக்கு வரும்: மீன் சோஸ், ஒய்ஸ்டர் சோஸ், கறிப்பேஸ்டில இருக்கிற இறால் கூழ், பிரட்டலுக்கு ஒரு கரண்டி ஊத்துற கோழிச் சாறு. முதல் ரெண்டையும் சமைக்கேக்கை விடச் சொல்லலாம். நாலாவதுக்குத் தண்ணி ஊத்தச் சொல்லலாம். மூண்டாவதை ஒண்டும் செய்ய ஏலாது, ஏனெண்டால் அது பேஸ்டோட சேர்த்து அரைபட்டு வாறது. மலிவுக் கடையில பேஸ்ட் அரைக்க ஆளில்லை, டப்பாதான். மே ப்ளோய் வாளியிலை இருக்கிற பச்சை, சிவப்பு ரெண்டிலயும் இறால் கூழ் இருக்கு. இறால் இல்லாத டப்பாவும் விக்குது, ஆனால் பார்க்காமல் நம்பாதேங்கோ. அம்மாவுக்குக் கறி வேண்டாம் எண்டு வைக்கிறதுதான் சுகம்.

பாட் தாய் நூடில்ஸும் வேண்டாம். சோஸைப் புளி, பனஞ்சீனி, மீன் சோஸ் எல்லாம் சேர்த்து முதலே காய்ச்சி வாளியில வைச்சிருப்பினம். “மீன் சோஸ் போடாதேங்கோ” எண்டால் அவை ஓம் எண்டுவினம், மேலதிகமாய் ஊத்த மாட்டினம், அவ்வளவுதான். சாட்டே எண்ட கச்சான் (நிலக்கடலை) சோஸ் கனக்க இடத்தில சிவப்புப் பேஸ்டில செய்யுறது, அதுவும் அதே கதை.

அப்ப என்ன சாப்பிடலாம்? பாட் சீ யூ, அகல நூடில்ஸ். முட்டை, ஒய்ஸ்டர் சோஸ், மீன் சோஸ் மூண்டும் இல்லாமல், சோயா சோஸ் மட்டும் போட்டு, டோஃபுவும் கைலான் கீரையும் கூடப் போடச் சொல்லுங்கோ. இல்லாட்டி இஞ்சி, உள்ளி, மரக்கறிப் பிரட்டலும் வெள்ளைச் சோறும். “வெஜிடேரியன்” எண்டு சொல்லுறதோட நிக்காமல் “நோ ஃபிஷ் சோஸ், நோ ஒய்ஸ்டர் சோஸ், நோ எக், நோ சிக்கன் ஸ்டொக்” எண்டு நாலையும் ஓடரிலை எழுதுவிச்சுப் போடுங்கோ. சமையல்காரர் தாய்லாந்துக்காரர் எண்டால் ‘ஜே’ எண்ட ஒரு சொல்லே காணும், உடனே விளங்கிக்கொள்ளுவர். அது முட்டை, மீன் சோஸ் ஒண்டும் இல்லாத சாப்பாடு. ஆனால் வெங்காயம், உள்ளியும் போகும், உங்கட அம்மா அவை சாப்பிடுவா எண்டால் அதைத் தனியச் சொல்லவேணும். வாக்கைக் கழுவிப்போட்டுப் போடச் சொன்னால் செய்வினம், ஆனால் ஆக்கள் குறைஞ்ச நேரத்திலதான்.

மனைவிக்கு: மசமன் கறியில கவனம். அது கனக்க இடத்தில மாட்டிறைச்சியோட முதலே அவிச்சு வைக்கிற கறி. சிக்கன் மசமன் கேட்டாலும் அதே குழம்பிலை கோழியைப் போட்டுத் தரலாம். மஞ்சள் கறி இல்லாட்டி பச்சைக் கறி கோழியோட எடுக்கட்டும். பாட் தாய் எடுத்தால் மேல தூவுற பச்சைப் பயற்றம் முளையை விடச் சொல்லுங்கோ. கர்ப்பிணியள் பச்சை முளை சாப்பிடக்கூடாது எண்டு இஞ்ச உணவுப் பாதுகாப்பு ஆக்கள் சொல்லுகினம், நல்லாய் வேகவைச்சால் பிரச்சனை இல்லை.

பிள்ளைக்குப் பச்சைக் கறியை “மைல்டாய்” கேக்காதேங்கோ. உறைப்பு பேஸ்டிலை இருக்கு, தேங்காய்ப்பாலைக் கூட்டித்தான் குறைப்பினம், கறி தண்ணியாய்ப் போகும். கோழி ஃப்ரைட் றைஸ், மிளகாயும் மிளகுத்தூளும் இல்லாமல். உங்களுக்கு உறைப்பு வேணுமெண்டால் எல்லாருக்கும் குறைவாய்ச் சொல்லிப்போட்டு மேசைக்கு அந்த நாலு கிண்ணத் தட்டைக் கேளுங்கோ: மிளகாய் போட்ட மீன் சோஸ், மிளகாய் போட்ட வினாகிரி, இடிச்ச மிளகாய்த்தூள், சீனி. அம்மாவுக்குக் கிட்ட வைக்காதேங்கோ.

கொடுவா:

மீன் நாலும் இதுதான்.

ஃப்ளேக்: கம்மி ஷார்க், நம்ம சுறா இனம். எலும்பே கிடையாது, நடுவுல குருத்து மட்டும்தான். விக்டோரியாக்காரங்க ஃபிஷ் அண்ட் சிப்ஸ்னாலே இதைத்தான் நினைப்பாங்க. ஆஸ்திரேலிய மீன்பெயர் தரப்பட்டியல்படி இங்கத்த கம்மி ஷார்க்கும் நியூசிலாந்து ரிக் சுறாவும் மட்டும்தான் ஃப்ளேக், ஆனா எல்லாக் கடையும் அந்த ஒழுங்குல நிக்கறதில்லை. “கம்மியா?”ன்னு கேளுங்க.

மனைவிக்கு இது வேண்டாம். சுறாவுல பாதரசம் அதிகம். ஆஸ்திரேலியா நியூசிலாந்து உணவுத் தர அமைப்போட அறிவுரைப்படி கர்ப்பிணிகள் சுறா, கத்திமீன், மார்லின் வகையைப் பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை 150 கிராமுக்கு மேல சாப்பிடக் கூடாது, அந்தப் பதினஞ்சு நாள்ல வேற மீனும் கூடாது. ஆறு வயசு வரைக்கும் உள்ள குழந்தைக்கு அதே கணக்குல 75 கிராம். கடையில தர்ற ஒரு துண்டே அதைத் தாண்டிடும். “முள் இல்ல, பையனுக்கு நல்லது”ன்னு ஃப்ளேக் வாங்கற பெத்தவங்க இதைக் கவனிக்கறதில்லை.

ப்ளூ கிரெனடியர்: நியூசிலாந்துல ஹோக்கின்னு சொல்றது. வெள்ளைச் சதை, பெரிய இதழா உதிரும், விலை குறைவு. உங்க வீட்டுக்கு இதுதான். மனைவியும் பையனும் சாப்பிடலாம், பையனுக்கு மட்டும் உதிர்த்துப் பாத்துக் குடுங்க, ஓரத்துல முள் தங்கியிருக்கலாம்.

பாரமண்டி நம்ம கொடுவாவேதான். மாவுல முக்கிப் பொரிச்சு வீணாக்காதீங்க. புளி, மிளகாய், பூண்டு சாஸ் ஊத்தித் தர்ற தாய் அயிட்டமா மெனுவுல இருந்தா அதை வாங்குங்க.

பாசா வியட்நாம்ல இருந்து வர்ற நன்னீர்க் கெளுத்தி இனம். மெத்துன்னு, தண்ணி அதிகம், ருசி கம்மி. விலைக்காக வச்சிருப்பாங்க. வெறும் ‘ஃபிஷ்’னு மட்டும் எழுதியிருந்தா என்ன மீன்னு கேட்டுட்டு வாங்குங்க. 2026 ஜூலை 1ல இருந்து உணவகங்கள் கடலுணவு உள்நாடா, இறக்குமதியா, கலவையான்னு ஏ, ஐ, எம் எழுத்தால குறிக்கணும்னு சட்டம், அதையும் பாருங்க.

மேல்மாவு பத்தி ஒண்ணு. பிச்சதும் மாவுக்கும் மீனுக்கும் நடுவுல பசை மாதிரி வேகாத அடுக்கு இருந்தா, உறைஞ்ச மீனோட ஈரத்தை ஒத்தாம, வறட்டு மாவு புரட்டாம நேரா முக்கியிருக்காங்க. திருப்பிக் குடுக்கலாம், தயங்காதீங்க. மாவு கருப்பாகி உள்ள மீன் சரியா இருந்தா எண்ணெய் பழசு.

கிளேட்டன்_புதுசு:

ரொம்ப நன்றி எல்லாருக்கும். அப்ப அம்மாவுக்குச் சிப்ஸே கிடையாதா? பொட்டேட்டோ கேக்னு ஒண்ணு இருக்கே, அது? சிப்ஸ் மேல தூவற சிக்கன் சால்ட்ல கோழி இருக்கா?

கொதியெண்ணெய்:

தனி ஃப்ரையர் ஓடினா சிப்ஸ் குடுக்கலாம், இல்லைன்னா அம்மாகிட்ட விஷயத்தைச் சொல்லிட்டு அவங்க முடிவுக்கு விடுங்க. பொட்டேட்டோ கேக் உருளைக்கிழங்கு வில்லையை மாவுல முக்கிப் பொரிச்சது. உள்ள சைவம்தான், ஆனா மீன் முக்கின அதே மாவு, பெரும்பாலும் மீன் ஃப்ரையர். அதனால சிப்ஸைவிட இதுதான் அம்மாவுக்கு மோசம்.

சிக்கன் சால்ட்: மிட்டானி மாதிரி பிராண்டுல கோழி கிடையாது. கடையில தூவற குப்பியில எந்த பிராண்டு இருக்குன்னு வெளியே தெரியாது. “ப்ளெயின் சால்ட்”னு சொல்லிடுங்க. சொல்லலைன்னா கேக்காமலே சிக்கன் சால்ட்தான் விழும்.

பில்_பார்த்தவர்:

80 டாலர் கணக்கு. கடைக்குக் கடை மாறும், ஆனா புறநகர் மலிவுக் கடையில தாய் மெயின் ஒண்ணு 18ல இருந்து 22ன்னு வச்சுக்குங்க. அம்மாவுக்கு நூடில்ஸ், உங்க ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு கறி, ஒரு சோறு, ரெண்டு துண்டு கிரெனடியர், ஒரு ‘மினிமம் சிப்ஸ்’. 75 பக்கம் வரும். பையனுக்குத் தனி ஃப்ரைட் ரைஸ் வாங்கினா தாண்டிடும். மீனும் சிப்ஸும் அவனுக்குப் போதும்.

இடிக்கற இடம் மூணு. ராத்திரி மெனுவுல கறிக்குச் சோறு சேராது, தனியா காசு. மதிய லஞ்ச் ஸ்பெஷல்ல சேந்தே வரும், பட்ஜெட் முக்கியம்னா சனிக்கிழமை மதியம் இருக்கான்னு கேளுங்க. பொது விடுமுறைக்குக் கூடுதல் கட்டணம் இருக்கலாம், போர்டைப் பாருங்க. மினிமம் சிப்ஸ்ங்கறது பேருக்குத்தான் மினிமம், நாலு பேர் கொறிக்கப் போதும், பெரிசு வாங்காதீங்க.

ஆர்டர் குடுக்கும்போது மீனையும் சிப்ஸையும் தாய் சாப்பாடு மேசைக்கு வந்ததும் போடச் சொல்லுங்க. ரெண்டு அடுப்பும் தனித்தனியா ஓடறதால, சொல்லலைன்னா ஆறு நிமிஷத்துல மீன் வந்து உக்காந்து, நூடில்ஸ் வர்றதுக்குள்ள நமத்துடும்.

மிச்சமானா மீனைப் பிளாஸ்டிக் டப்பாவுல மூடாதீங்க, காகிதத்துல சுத்துங்க. வீட்டுல 200 டிகிரி அவன்ல கம்பித்தட்டு மேல எட்டுப் பத்து நிமிஷம், மைக்ரோவேவ் வேண்டாம். சோறு மிஞ்சினா ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஃப்ரிட்ஜுக்குப் போயிடணும். மனைவிக்கு அந்த மிச்சச் சோறு வேண்டாம், நீங்க சாப்பிடுங்க.