மறு: ஸ்ப்ரூ, ரன்னர், கேட் – கொடி, காம்பு என்று வைப்போம்

அன்பு நண்பர்களே,

பிளாஸ்டிக் மொடல் கட்டும் நம் குழுவின் தமிழ்ச் சொற்பட்டியலுக்கு வந்த யோசனைக்கு இது மறுமொழி. பெட்டியில் பாகங்கள் ஒட்டி வரும் பிளாஸ்டிக் சட்டகம் ஸ்ப்ரூ; அதில் ஓடும் தண்டு ரன்னர்; தண்டையும் பாகத்தையும் இணைக்கும் மெல்லிய இடம் கேட்.

> ஸ்ப்ரூ – வார்ப்புச் சட்டகம். ரன்னர் – ஓடுகால். கேட் – வாயில். இப்படியே நம் சொற்பட்டியலில் ஏற்றிவிடலாமா?

கொஞ்சம் பொறுங்கள். சட்டகத்தில் பெரிய குறை இல்லை. ‘வாயில்’ மட்டும் வேண்டாம் என்பது என் கட்சி.

கேட் என்று பெயர் வைத்தவர் அச்சு செய்கிறவர். உருகிய பொலிஸ்டைரீன் (மொடல் வார்க்கும் பிளாஸ்டிக்) அழுத்தத்தோடு வந்து அச்சுக்குள் புகும் குறுகிய இடம் அவருக்கு வாயில்தான். பெட்டியைத் திறக்கிற நமக்கோ எல்லாம் இறுகிய பிறகுதான் பொருள் கைக்கு வருகிறது. தடித்த தண்டொன்று வளைந்து ஓடுகிறது; அதில் மெல்லிய காம்புகளில் கதவும் இருக்கையும் ஸ்டியரிங்கும் தொங்குகின்றன. இதைக் கொடி, காம்பு என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது? அச்சுப் பட்டறைக்கு எழுதும் நூலில் வாயில் தாராளமாக இருக்கட்டும். மொடல் கட்டுகிறவருக்கு அது காம்பு.

திருகோணமலையில் எங்கள் வீட்டு விறாந்தையில் சனிக்கிழமைகளில் அயல் பிள்ளைகள் கூடி மொடல் கட்டுகிறார்கள். இப்போது மேசையில் இருப்பது ஜகுவார் ஈ-டைப், 1:24 அளவிடை. 1961இல் ஜெனீவா கண்காட்சியில் வந்த கார். அசலில் ஏறக்குறைய 4.45 மீற்றர் நீளம், எங்கள் மேசையில் பதினெட்டரை சென்ரிமீற்றர். வாடை தொடங்கி மழையும் பிடித்துவிட்டதால் பெயின்ற் வேலையை ஒத்திவைத்திருக்கிறோம். இந்த ஈரக்காற்றில் லக்கர் (சட்டென்று காயும் பெயின்ற்) விசிறினால், கரைப்பான் ஆவியாகும்போது குளிர்ந்த மேற்பரப்பில் ஈரம் படிந்து நிறம் வெளிறிப்போகும். கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் அந்தத் தொல்லை குறைவு. ஆகவே இப்போது நடப்பதெல்லாம் வெட்டுவதும் உரசுவதும் பொருத்திப் பார்ப்பதும்தான். இந்தச் சொற்கள் நின்று பிடிக்குமா என்று பார்க்க இதைவிட நல்ல வேளை கிடைக்காது.

வெட்டும் முறையைச் சொல்கிறேன், காம்பு ஏன் பொருந்துகிறது என்பது தெரியும். நிப்பரை (சிறு வெட்டுக்குறட்டை) பாகத்தோடு ஒட்டி வைத்து ஒரே வெட்டாக வெட்டக்கூடாது. முதலில் கொடிப் பக்கமாக வெட்டி, காம்பில் ஒரு துண்டைப் பாகத்திலேயே விட வேண்டும். பாகம் தனியாகக் கைக்கு வந்தபின் மிச்சக் காம்பை நறுக்கி, உப்புத்தாளால் உரச வேண்டும். அவசரப்பட்டால் பிளாஸ்டிக் பிய்ந்து குழி விழும். கண்ணாடிப் பாகங்களில் இன்னும் கவனம் வேண்டும்: தெளிந்த பொலிஸ்டைரீன் சட்டென்று வெடிக்கும், வெட்டிய இடத்திலிருந்து வெண்கீறல் உள்ளே ஓடும். அதற்கு நீளக் காம்பு விட வேண்டும். வெற்றிலைக் காம்பு கிள்ளத் தெரிந்த பிள்ளைக்கு “காம்பை நீளமாக விடு” என்றால் போதும். “வாயிலை நீளமாக விடு” என்றால் என்ன செய்யும், பாவம்?

உரசிய பின்னும் தெரிகிற அடையாளம் ‘காம்புத் தழும்பு’. இது குரோம் பூச்சுப் பாகங்களில்தான் வதைக்கும். ஈ-டைப்பின் மெல்லிய பம்பரை எடுங்கள். காம்பு இருந்த இடத்தில் பூச்சுப் போய், கீழே இருக்கும் பிளாஸ்டிக் புள்ளியாகத் தெரியும். குரோம் மைப் பேனாவால் ஒற்றி மறைக்கலாம், ஆனால் கிட்டப் பார்த்தால் ஒளி வேறு மாதிரித் திரும்பும். இதற்காகவே சில தயாரிப்பாளர்கள் காம்பைப் பாகத்தின் பின்பக்கத்தில் வைக்கிறார்கள். ஆங்கிலத்தில் அண்டர்கேட் என்பார்கள். நமக்கு ‘அடிக்காம்பு’. யோசிக்கவே தேவையில்லாமல் வந்து விழுகிறது, பாருங்கள்.

கொடியும் அப்படித்தான். வெறுங்கொடியில் ஒரு துண்டை மெழுகுதிரிச் சுடருக்கு மேலே, தீ தொடாத உயரத்தில் பிடித்து மெல்ல உருட்டினால் நடுப்பகுதி பளபளத்துத் தொய்யும். உடனே சுடரை விட்டு விலக்கி இரு கையாலும் சீராக இழுத்தால் தலைமயிர் போன்ற நூல் வரும். வேகமாக இழுத்தால் மெல்லிசு, ஆற இழுத்தால் தடிப்பு. வானொலி அன்ரெனாவும் எஞ்சின் வயரும் அதில்தான் செய்கிறோம். அதற்குக் ‘கொடியிழை’. கொடித் துண்டுகளை மொடல் பசையில் ஊறவைத்துக் கரைத்தால் இடுக்கு நிரப்ப அருமையான பூச்சு கிடைக்கும், அது ‘கொடிக்கூழ்’. ஒரு வேர்ச்சொல்லிலிருந்து இத்தனை கிளைக்கும் என்றால், வார்ப்புச் சட்டகத்தை விட்டுக்கொடுக்கலாம் என்றே நினைக்கிறேன். “வார்ப்புச் சட்டக இழை” என்று யார் வாயாலும் வராது.

> கொடி என்றால் தேசியக் கொடி என்று நினைக்க மாட்டார்களா?

மாட்டார்கள். தொப்புள்கொடி, தாலிக்கொடி, உடுப்புக் காயப்போடும் கொடி எல்லாம் ஒரே வீட்டில் இருக்கின்றன; யாரும் குழம்பியதில்லை.

> அப்படியானால் பாகங்களைக் ‘காய்’ என்று சொல்லலாமே!

இந்த யோசனை மட்டும் வேண்டாம். அழகுக்காக இழுத்துக்கொண்டு போகிறோம். பாகம் என்ற சொல் நன்றாகவே வேலை செய்கிறது. “ஏ கொடி, 12ஆம் பாகம்” என்றால் கையேட்டைப் பார்த்துத் தேடி எடுக்கத் தெளிவாக இருக்கிறது.

ஒரு நுணுக்கம். தொழிற்சாலைக் கணக்கில் ஸ்ப்ரூ வேறு, ரன்னர் வேறு: இயந்திர மூக்கிலிருந்து அச்சுக்குள் இறங்கும் தடித்த வழி ஸ்ப்ரூ, அதிலிருந்து பிரிந்து ஓடுவது ரன்னர். மொடல்காரர் இரண்டையும் சேர்த்தே ஸ்ப்ரூ என்கிறார். நாமும் முழுவதையும் கொடி என்போம். பிரித்துச் சொல்லியே ஆக வேண்டிய இடத்தில் முன்னதை ‘ஊற்றுத்தண்டு’ எனலாம்.

அச்சு விளிம்பில் கசிந்து நிற்கும் மென்தகட்டுக்குப் பட்டறைக்காரர் சொல்லும் ‘பிசிறு’ இருக்கவே இருக்கிறது. புதிதாக ஒன்றும் வேண்டாம்.

மிஞ்சியிருப்பது எஜெக்ரர் பின் அடையாளம்: இறுகிய பாகத்தை அச்சிலிருந்து தள்ளிவிடும் ஊசிகளால் அதன் உட்புறத்தில் வட்ட வட்டமாக விழுவது. ‘தள்ளூசித் தடம்’ என்று எழுதிப் பார்த்தேன். பொருள் சரி, ஆனால் வேலைக்கு நடுவே சொல்லும்போது நாக்கில் நிற்கவில்லை. மட்டக்களப்பு அண்ணாவும் கோவை நண்பரும் இதற்கு ஒரு நல்ல சொல் தந்தால், எல்லாவற்றையும் சேர்த்தே பட்டியலில் ஏற்றலாம்.

அன்புடன்,
திருகோணமலையிலிருந்து