சின்னப் பட்டறைக்கு சர்ஃபேஸும் திக்னஸும் சேர்ந்த பிளானர் வாங்கலாமா?

பழையதேக்கு:
வணக்கம். காரைக்குடியில் 10-க்கு 16 அடி அறையில் பட்டறை வைத்திருக்கிறேன். இடித்த வீடுகளிலிருந்து வரும் பர்மா தேக்கை வாங்கி ஸ்டூல், டீப்பாய், சின்ன அலமாரி செய்கிறேன், எப்போதாவது ஒரு ஜன்னல். இதுவரை கை பிளானரும் இழைப்புளியும்தான். உத்திரத்தை அறுத்து எடுக்கும் பலகை முறுக்கிக்கொண்டு வருகிறது, நாலு மூலையும் தரையில் படும்படி ஒன்றைக் கொண்டுவரவே அரை நாள் போய்விடுகிறது. பலகையை ஒரே கனத்துக்கு இழைக்கும் திக்னஸ் பிளானர் மட்டும் போதும் என்று நினைத்தேன், கடையிலும் அப்படித்தான் சொன்னார்கள். இப்போது மேலே முகத்தை நேராக்கும் சர்ஃபேஸ், கீழே திக்னஸ் என்று ஒரே மெஷினாக வருவதைப் பார்த்ததும் குழப்பம். இரண்டு தனி மெஷினுக்கு இடம் இல்லை. சிங்கிள் ஃபேஸ் லைன். அகலம் 10 இஞ்ச் போதுமா, 12 போகணுமா? மாற்றி மாற்றி வேலை செய்வது எரிச்சலாக இருக்குமா?

வேங்கைப்பலகை:
தம்பி, திக்னஸ் மட்டும் வாங்காதீர்கள். உள்ளே இருக்கும் ரோலர் பலகையை அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் இழைக்கும். முறுக்கின பலகை அந்த அழுத்தத்தில் தட்டையாகப் படுத்திருக்கும், வெளியே வந்ததும் பழையபடி நிமிர்ந்துவிடும். கனம் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கும், முறுக்கு அப்படியே இருக்கும். முதலில் ஒரு முகத்தை சர்ஃபேஸில் நேராக்கணும், அந்த முகம் கீழே இருக்க திக்னஸில் விடணும், அப்போதுதான் மறுமுகம் அதற்கு இணையாக வரும். பிளைவுட் மேல் பலகையை வைத்து ஆடும் மூலைகளுக்கு ஆப்பு கொடுத்து ஒட்டி திக்னஸில் விட்டும் முறுக்கு எடுக்கலாம், நானே இரண்டு வருஷம் அப்படி ஓட்டினேன். ஆனால் ஒவ்வொரு பலகைக்கும் ஆப்பு வைத்து ஒட்டி முடிப்பதற்குள் பொறுமை போய்விடும்.

அகலம் 12 வாங்குங்கள். தனி சர்ஃபேஸ் என்றால் உங்கள் இடத்துக்கு 6 இஞ்ச்தான் அடங்கும், 9 இஞ்ச் பலகையை இரண்டாகக் கிழித்து ஒட்டணும். பழைய தேக்கில் அவ்வளவு அகலம் கிடைப்பதே பாக்கியம், அதைக் கிழிக்க எனக்கு மனசு வராது.

நிலைவாசல்:
மேலே சொன்னது சரி, ஆனால் அகலத்தை மட்டும் பார்க்காதீர்கள். நான் நிலை, கதவு செய்கிறவன். சேர்ந்த மெஷின்களில் மேல் மேசை குட்டை. நல்ல பெயர் எடுத்த ஆஸ்திரிய மெஷின் ஹாமர் ஏ3-31-இலேயே அகலம் 310 மிமீ, மேசை மொத்த நீளம் 1400 மிமீ, அதாவது நாலரை அடி சொச்சம். 7 அடி நீளம், 5-க்கு 3 இஞ்ச் தேக்குக் கட்டை ஒன்று 13 கிலோ வரும். முன்பாதி மேசையைத் தாண்டித் தொங்கும்போது பின்பாதி தூக்கும், அங்கேயே நேர் கெட்டுப்போகும். ஸ்டூலும் டீப்பாயும் என்றால் கவலை இல்லை. நாளைக்கு நிலை ஆர்டர் எடுக்கப்போகிறீர்கள் என்றால் இரண்டு பக்கமும் ரோலர் ஸ்டாண்ட் வைக்க இடம் இருக்கிறதா என்று இப்போதே அளந்துகொள்ளுங்கள்.

மாற்றும் வேலை பற்றிக் கேட்டீர்கள். பலகையைச் சாய்த்துப் பிடிக்கும் பக்கத் தடுப்பான வேலியைக் கழற்றி, மேசையைத் தூக்கி, தூள் வாங்கும் மூடியைப் புரட்டி, கைச்சக்கரம் சுற்றி அடி மேசையை ஏற்றணும். இரண்டு மூன்று நிமிஷம்தான். சிக்கல் என்னவென்றால், திரும்ப சர்ஃபேஸுக்குப் போக அடி மேசையை இறக்கியாகணும், வைத்த கனம் போய்விடும். அதனால் எல்லாத் துண்டுக்கும் முகமும் பக்கமும் முடித்துவிட்டுத்தான் திக்னஸுக்கு வரணும், கூடவே ஒரு துண்டு அதிகமாக ஓட்டி வைத்துக்கொள்ளணும். ஒருமுறை ஸ்டூல் கால் ஒன்று உடைந்துபோய், அதே கனத்துக்கு இன்னொன்று கொண்டுவர ஒரு மதியம் முழுக்கப் போராடியிருக்கிறேன்.

பழையதேக்கு:
ரொம்ப நன்றி அண்ணே. என் வேலை பெரும்பாலும் 4 அடிக்குள்தான். ஒரு பயம், பழைய மரத்தில் ஆணி. எவ்வளவு பிடுங்கினாலும் தலை உடைந்தது ஒன்று உள்ளே இருக்கும். வெட்டும் உருளையில் நீள பிளேடு உள்ளதை வாங்குவதா, ஸ்பைரல் ஹெட்டா?

கைச்சக்கரம்:
உங்கள் மரத்துக்கு, கையில் காசு இருந்தால், ஸ்பைரல். அதில் சின்னச் சின்ன சதுர கார்பைடு துண்டுகள், ஒவ்வொன்றுக்கும் நாலு முனை. ஆணி பட்டால் அடிபட்டதை மட்டும் திருப்பி வைக்கலாம். சத்தமும் குறைவு, நார் எதிர்த்து வரும் இடத்தில் பிய்வதும் குறைவு. நீள பிளேடில் ஒரு ஆணி பட்டால் பலகை முழுக்க நூல் பிடித்த மாதிரி ஒரு மேடு ஓடும். அவசரத்துக்கு ஒரு பிளேடை மட்டும் ஒரு மில்லி பக்கவாட்டில் தள்ளி முடுக்கினால் அந்த மேடு மறையும். எது வாங்கினாலும் மெட்டல் டிடெக்டர் ஒன்று கட்டாயம்.

வாங்கும் இடத்துக்கு நல்ல இரும்பு ஸ்கேல் கொண்டுபோங்கள். இரண்டு மேசையையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்து நீளவாக்கிலும் மூலைக்கு மூலையும் வைத்துப் பாருங்கள். ஏ4 தாள் ஒன்று சுமார் 0.1 மிமீ, இரண்டு தாள் தாராளமாக நுழைந்தால் யோசிக்கணும். அப்புறம் மேசையைத் தூக்கி இறக்கி மறுபடி பாருங்கள், மூன்று முறையாவது. என் முதல் மெஷினில் முதல் தடவை சரியாக இருந்தது, ஒவ்வொரு தடவை தூக்கி இறக்கியதும் ஒவ்வொரு அளவு காட்டியது. கீல் ஆட்டம். வாங்கின பிறகுதான் தெரிந்தது, விற்றவர் திரும்ப எடுக்கவில்லை.

3 ஹெச்பி என்றால் 2.2 கிலோவாட், தனி லைன் இழுத்து மோட்டாருக்கான எம்சிபி (லோடு மிஞ்சினால் தானே அணையும் சுவிட்ச்) போடுங்கள். தூள் உறிஞ்சி இல்லாமல் திக்னஸ் ஓட்டாதீர்கள், சுருள் உள்ளே அடைத்து பலகை முகத்தில் பள்ளம் போடும், தேக்குத் தூள் தோலுக்கும் மூச்சுக்கும் ஆகாது. ஒரு அடிக்குக் குறைந்த துண்டை இரண்டிலும் விடவே கூடாது. கையுறை வேண்டாம், தள்ளுகட்டை வைத்துத் தள்ளுங்கள்.

பழையதேக்கு:
12 இஞ்ச், ஸ்பைரல் என்று முடிவு செய்துவிட்டேன். எலக்ட்ரீஷியனிடம் தனி லைனுக்குச் சொல்லியாச்சு. சனிக்கிழமை ஸ்கேலோடு போய், மேசையைத் தூக்கி இறக்கிப் பார்த்துவிட்டு அளவை இங்கேயே போடுகிறேன்.