உயிலில் பல்கலைக்கழகத்துக்குப் பணம் எழுதி வைப்பது எப்படி?

அல்சூர் டீச்சர்:
எனக்கு 67 வயது. பெங்களூரு வந்து 40 வருடத்துக்கு மேல் ஆகிறது, அல்சூரில் சொந்த ஃபிளாட். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அண்ணன் பையன்கள் ரெண்டு பேர்தான். ஃபிளாட் அவர்களுக்கு, அதில் குழப்பமில்லை. 15 லட்சம் டெபாசிட் ஒன்றை மட்டும் நான் எம்.எஸ்சி. படித்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதி வைக்க ஆசை. 1979-ல் மெஸ் பில் கட்ட முடியாமல் ஊருக்கே போய்விடலாம் என்று பெட்டியைக் கட்டிவிட்டேன். ஸ்காலர்ஷிப் வருடக் கடைசியில்தான் வரும், சாப்பாட்டுக்கோ மாதா மாதம் கட்ட வேண்டும். அறையில் கூட இருந்தவள் கொலுசை அடகு வைத்துக் கட்டினாள். அப்படி நிற்கிற பெண்களுக்கு மெஸ் பணம் போனால் போதும், என் பெயர்ப் பலகை எல்லாம் வேண்டாம். உயில் எழுதணுமா, டெபாசிட்டுக்குப் பல்கலைக்கழகத்தையே நாமினி போட்டால் போதுமா?

பழைய குமாஸ்தா:
வக்கீல் ஆபீஸில் 22 வருடம் இருந்தவன் சொல்கிறேன். வங்கி டெபாசிட்டுக்கு நாமினியாக ஆளைத்தான் போட முடியும், நிறுவனத்தைப் போட முடியாது. இப்போது யார் நாமினி என்று பாருங்கள், அண்ணன் பையனாகத்தான் இருக்கும். உயிலில் என்ன எழுதியிருந்தாலும் பணம் முதலில் அவர் கைக்குத்தான் போகும். நாமினி வாங்கி வைத்துக்கொள்பவர்தான், சொந்தக்காரர் இல்லை. 2023 டிசம்பரில் ஒரு ஷேர் வழக்கில்கூட உச்ச நீதிமன்றம் இதையே சொன்னது. ஆனால் பல்கலைக்கழகம் அவர் மேல் கேஸ் போட்டா வாங்கப் போகிறது? அதனால் இன்றைக்கே அவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

மற்றபடி உயில் சுலபம். தமிழிலேயே எழுதலாம், முத்திரைத்தாள் வேண்டாம். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் பதிந்துவிடுங்கள். சாட்சி ரெண்டு பேர், சொத்தில் பங்கு வாங்குகிறவர் யாரும் சாட்சியாக வேண்டாம். உயிலை நிறைவேற்றுபவராக உங்களைவிட இளையவரைப் போடுங்கள்; நான் தட்டச்சு செய்த ஒரு உயிலில் எழுதியவருக்கு 80, நிறைவேற்றுபவருக்கு 84! 'நான் படித்த துறைக்கு' என்று எழுதாதீர்கள், சொத்து வாங்குகிற தகுதி துறைக்குக் கிடையாது, பல்கலைக்கழகத்துக்குத்தான் உண்டு. அப்புறம், நீங்கள் படித்தபோது அது தனியார், 2013-ல் தமிழ்நாடு அரசு எடுத்துக்கொண்டது, இல்லையா? நாளைக்கு இன்னொரு மாற்றம் வரலாம். 'அல்லது அதன் இடத்தில் வரும் நிறுவனத்துக்கு' என்று ஒரு வரி சேருங்கள்.

கோரமங்களா ரகு:
டீச்சர், ஒரு அனுபவம். எங்கள் அப்பா தான் படித்த கல்லூரியில் (பெயர் வேண்டாம்) 1984-ல் 5,000 ரூபாய் கட்டி, வருகிற வட்டியில் வருடா வருடம் தங்கப் பதக்கம் கொடுக்கச் சொன்னார். அப்போது வட்டி 500 வந்தது, சின்னதாக ஒன்று செய்ய முடிந்தது. போன வருடம் நான் போனபோது டப்பாவைத் திறந்து காட்டினார்கள், முலாம் பூசிய பித்தளை, ரிப்பன் மட்டும் புதுசு. கோபப்படவும் முடியவில்லை, அந்த வட்டியில் வேறு என்ன வரும்? அதனால் 'மெஸ் கட்டணம்' என்று மட்டும் எழுதாமல் 'மெஸ் கட்டணம் அல்லது விடுதியில் தங்கும் ஏழை மாணவிகளின் வேறு அவசரச் செலவு' என்று எழுதுங்கள். அசல் பணத்தையே 10 வருடத்தில் செலவு செய்யலாம் என்றும் சொல்லிவிடலாம், வட்டியை நம்பவே வேண்டாம்.

ஜெயநகர் மாமா:
எதற்கு உயில்? பச்சையப்ப முதலியார் 1794-ல் கோயில், தர்மம் என்று உயில் எழுதிவிட்டுப் போனார். கோர்ட் கச்சேரி எல்லாம் முடிந்து மிச்சப் பணத்தில் பள்ளிக்கூடம் வந்தது 1842-ல். கையால் கொடுங்கள். நன்கொடைக்கு வரிச் சலுகை (80ஜி) உள்ள இடமானால், பழைய வரி முறையில் இருந்தால், வரியிலும் கொஞ்சம் கழியும். செத்த பிறகு உங்களுக்கு என்ன கழிவு?

கோரமங்களா ரகு:
மாமா, நம்ம ஊர் டாடா இன்ஸ்டிட்யூட்டே (இந்திய அறிவியல் கழகம்) ஜாம்ஷெட்ஜி டாடா போய் ஐந்து வருடம் கழித்து 1909-ல்தான் வந்தது. அவர் பணம் வீணாகவா போனது? டீச்சருக்கு நாளைக்கு முட்டி ஆபரேஷன் என்றால் அந்த 15 லட்சம் வேண்டாமா? இப்போதே எல்லாவற்றையும் தூக்கிக் கொடுத்துவிடச் சொல்லாதீர்கள்.

அல்சூர் டீச்சர்:
முட்டியைச் சரியாகப் பிடித்தீர்கள் ரகு, ரெண்டும் வலிக்கிறது. 2 லட்சம் இப்போதே கொடுத்து, பணம் உண்மையிலேயே மெஸ்ஸுக்குப் போகிறதா என்று ரெண்டு வருடம் பார்க்கிறேன். மீதிக்கு உயில், ரகு சொன்ன வாசகத்தோடு. நேற்று ராத்திரியே பையன்களுக்கு வாட்ஸ்அப்பில் எழுதிவிட்டேன். பெரியவன் உடனே கூப்பிட்டு, "அத்தை, ஒரு பொண்ணுக்கு மாசம் எவ்வளவு ஆகும்?" என்று கேட்டுக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டான். நாமினி சின்னவன்தான். அவனிடமிருந்து இதுவரை ரெண்டு நீல டிக் மட்டும் வந்திருக்கிறது.