மதியத்தில் தானாக அணையும் கணினி, 2016க்குத் திரும்பும் தேதி, கேபினெட்டில் ஷாக்: புதிதுதான் வாங்க வேண்டுமா?

செல்லூர்த் தறிக்காரர்:

அனைவருக்கும் வணக்கம். மதுரை செல்லூரில் நான்கு விசைத்தறிகளை வைத்துத் துண்டு நெய்து விற்கிறேன். தறிக்கூடத்தை ஒட்டிய முன்னறையில், 2016இல் டவுன்ஹால் ரோட்டில் உதிரிகளாக வாங்கிப் பூட்டிய மேசைக் கணினி ஒன்று இருக்கிறது. இன்டெல் ஆறாம் தலைமுறை ஐ3 பிராசசர், 8 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. பகலில் நான் பில் போடுவதும் ஜிஎஸ்டி வேலை பார்ப்பதும், இரவில் மகள் படிப்பதும் அதில்தான்.

சித்திரைத் திருவிழா முடிந்ததிலிருந்து மூன்று தொல்லைகள் சேர்ந்து வந்திருக்கின்றன. மதியம் பன்னிரண்டு மணிக்கு மேல் அரை மணி நேரம் வேலை செய்தால், நீலத் திரையோ எச்சரிக்கையோ எதுவும் வராமல், மின்சாரம் போனது போலக் கணினி பொசுக்கென்று அணைந்துவிடுகிறது. உடனே பொத்தானை அழுத்தினால் விண்டோஸ் வருவதற்குள் மறுபடியும் அணைகிறது; சாப்பிட்டுவிட்டு வந்து போட்டால் ஓடுகிறது. இரவில் மகள் இரண்டு மணி நேரம் வைத்திருந்தாலும் ஒன்றும் ஆவதில்லை.

அடுத்தது, காலையில் போடும்போது தேதி 2016 ஜனவரி 1 என்று காட்டுகிறது. எந்த இணையதளத்தைத் திறந்தாலும் இணைப்பு பாதுகாப்பானதல்ல என்று சொல்லி மறுக்கிறது. மாத விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் செய்ய 11ஆம் தேதி கடைசி என்பதால் பதறிப்போய், வைரஸாக இருக்குமோ என்று இரண்டு ஆன்டிவைரஸ்களை ஏற்றிப் பார்த்தேன். கணினி மெதுவானதுதான் மிச்சம். மூன்றாவது, வெறுங்காலோடு நின்று கேபினெட்டின், அதாவது கணினியின் இரும்புப் பெட்டியின், பின்பக்கத் திருகைத் தொட்டால் கை சுள்ளென்கிறது.

பழுது பார்க்கும் கடை ஒன்றுக்குத் தூக்கிச் சென்றேன். மூடியைக்கூடத் திறக்காமல், மதர்போர்டு (எல்லா உதிரிகளும் பூட்டியிருக்கும் முதன்மைப் பலகை) போய்விட்டது, விண்டோஸ் 10க்கும் காலம் முடிந்துவிட்டது, 32,000 ரூபாயில் புதிது போட்டுக்கொள்ளுங்கள் என்றார்கள். இந்த ஆண்டு நூல் விலைக்கு அது எனக்குப் பெரிய தொகை. உண்மையிலேயே வேறு வழியில்லையா என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

திருநகர் ஆய்வகம்:

ஐயா, வணக்கம். கல்லூரி ஒன்றின் கணினி ஆய்வகத்தைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறேன். மூன்று தொல்லைகளும் ஒரே மாதத்தில் வந்ததால் அந்தக் கடைக்காரர் அவற்றை ஒரே மூட்டையாகக் கட்டி மதர்போர்டின் தலையில் ஏற்றிவிட்டார். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அவை மூன்றும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை. முதல் இரண்டையும் தீர்க்க 300 ரூபாய் ஆனாலே அதிகம். 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு முடிந்தது உண்மைதான், உங்கள் பிராசசரில் விண்டோஸ் 11ஐ மைக்ரோசாஃப்ட் ஏற்பதில்லை என்பதும் உண்மைதான். ஆனால் அதனால் எந்தக் கணினியும் மதியத்தில் அணைவதில்லை.

தேதியை முதலில் முடித்துவிடுவோம். மதர்போர்டில், ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே சிறியதாக, சிஆர்2032 என்று பொறித்த 3 வோல்ட் பேட்டரி ஒன்று வட்டமாகப் பதிந்திருக்கும். சுவரில் சுவிட்ச் போட்டிருக்கும் வரை, கணினி அணைந்திருந்தாலும், கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து சிறிதளவு மின்சாரம் வந்து கடிகாரத்தை ஓட்டிக்கொண்டிருக்கும். சுவிட்சை அணைத்த பிறகு அந்தப் பொறுப்பு பேட்டரிக்கு வருகிறது. நீங்கள் இரவில் சுவர் சுவிட்சையும் அணைத்துவிட்டுத்தான் படுக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இன்று ஒரு இரவு மட்டும் அதைப் போட்டே வைத்துப் பாருங்கள்; காலையில் தேதி சரியாக இருந்தால் பேட்டரிதான் தீர்ந்துவிட்டது, மதர்போர்டின்மீது குற்றமில்லை. இணையதளங்கள் மறுப்பதும் இதனால்தான். ஒவ்வொரு தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழுக்கும் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. 2016இல் நிற்கும் கணினிக்கு அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை, எனவே போலி என்று அது சந்தேகிக்கிறது. பேட்டரியை மாற்றும் வரை தினமும் காலையில் தேதியைக் கையால் திருத்திவிட்டு ஜிஎஸ்டி வேலையைத் தாராளமாகப் பாருங்கள். அந்த இரண்டு ஆன்டிவைரஸ்களையும் நீக்கிவிடுங்கள். ஒன்று திறக்கும் கோப்பை மற்றொன்றும் பிடித்து இழுப்பதால்தான் கணினி திணறுகிறது, விண்டோஸோடு வரும் டிஃபெண்டரே உங்களுக்குப் போதும்.

இனி, தானாக அணைவது. மதியத்தில் மட்டும் அணைகிறது, ஆறவிட்டால் ஓடுகிறது, உடனே போட்டால் நிற்பதில்லை என்று நீங்களே நோயின் பெயரைத் தவிர மற்றதையெல்லாம் எழுதிவிட்டீர்கள். அது சூடு. உங்கள் பிராசசர் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்; அதற்கும் அடங்காமல் சூடு ஏறினால், தான் கருகிவிடாமல் இருக்க ஒரே வெட்டாக மின்சாரத்தைத் துண்டித்துவிடும். நீலத் திரை காட்டக்கூட அவகாசம் இருக்காது. விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் பார்த்தால் கெர்னல்-பவர் 41 என்ற பதிவு மட்டும் கிடக்கும். பலர் அதையே காரணம் என்று எண்ணி மருள்கிறார்கள், ஆனால் சென்றமுறை முறைப்படி அணைக்கப்படவில்லை என்பதைத் தவிர அது வேறெதையும் சொல்வதில்லை.

உறுதி செய்துகொள்ளச் செலவில்லாத வழி இருக்கிறது. கணினி அணைந்ததும் மறுபடி போட்டு, டெலிட் விசையைத் தட்டித் தட்டி, விண்டோஸுக்கு முன்பே வரும் மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போங்கள். சிபியு டெம்பரேச்சர் என்ற வரியில் 90 அல்லது அதற்கு மேல் நின்றால் ஐயமே வேண்டாம். மறுநாள் மதியம் பக்கவாட்டு மூடியைக் கழற்றிவிட்டு, மேசை மின்விசிறியை நேராக அதற்குள் திருப்பி வைத்து வேலை செய்யுங்கள். அரை மணி நேரத்தில் அணைந்தது இரண்டு மணி நேரம் தாக்குப்பிடித்தால் முடிவு தெரிந்துவிடும்.

தறிக்கூடத்துப் பஞ்சைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சாதாரண வீட்டுத் தூசி பொடியாகப் படியும், பிரஷ்ஷால் தட்டினால் போய்விடும். நூல் பஞ்சு அப்படியல்ல. பிராசசர்மீதுள்ள விசிறிக்கும் அதன் கீழே இருக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவில் அது போர்வைபோல் ஒட்டி இறுகிவிடும். மேலிருந்து பார்த்தால் விசிறி சுற்றும், எல்லாம் சுத்தமாக இருப்பது போலவே தோன்றும், காற்று மட்டும் உள்ளே இறங்காது. ஆகவே விசிறியைக் கழற்றித்தான் ஆக வேண்டும். சுவர் பிளக்கையும் விசிறியின் வயரையும் பிடுங்கிவிட்டு, நான்கு மூலைகளிலும் உள்ள கறுப்பு ஊசிகளின் தலையை அம்புக்குறி காட்டும் திசையில் கால் சுற்றுத் திருப்பி மேலே இழுத்தால் விசிறியும் தகடும் சேர்ந்தே வந்துவிடும். பஞ்சை உரித்தெடுங்கள். பிராசசர்மீது காய்ந்த சுண்ணாம்புபோல் ஒட்டியிருக்கும் பழைய தெர்மல் பேஸ்ட்டை (பிராசசரின் சூட்டைத் தகட்டுக்குக் கடத்தும் பசை) ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, துவரம்பருப்பு அளவு புதிய பேஸ்ட்டை நடுவில் வைத்து, நீங்கள் தடவாமல், தகட்டை வைத்து அழுத்துங்கள், அதுவே பரவிக்கொள்ளும். ஊசிகளைத் திருப்பிய இடத்திலிருந்து பழைய நிலைக்குக் கொண்டுவந்து, எதிரெதிர் மூலைகளாகச் சொடக்கென்று சத்தம் வரும்வரை அழுத்த வேண்டும். நான்கில் ஒன்று சரியாக இறங்காவிட்டாலும் சூடு பழையபடியே ஏறும், இந்த வேலையில் எல்லோரும் தவறுவது அங்கேதான்.

ஒத்தக்கடைக்காரன்:

எனக்கென்னவோ எஸ்எம்பிஎஸ் மீதுதான் சந்தேகம். பத்து ஆண்டு ஆன பெட்டி, சூடானால் அதுவும் இப்படித்தான் நின்றுபோகும். மேலும் இவ்வளவு சிரமம் எதற்கு? பஞ்சர் கடையில் கொடுத்து ஏர் கம்ப்ரசரால் ஒரு பிடி பிடித்தால் பஞ்செல்லாம் பறந்துவிடுமே.

திருநகர் ஆய்வகம்:

எஸ்எம்பிஎஸ் காரணமாக இருக்கலாம் என்பதை நான் மறுக்கவில்லை. அதனால்தான் முதலில் பயாஸில் சூட்டைப் பார்க்கச் சொன்னேன். அங்கே 50 டிகிரி மட்டும் காட்டிவிட்டு அப்போதும் அணைந்தால் உங்கள் பக்கம் வருகிறேன். அப்படியானாலும் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றலாமே தவிர வீட்டில் யாரும் அதன் பெட்டியைத் திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டர் என்ற பாகத்தில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கக்கூடும்.

கம்ப்ரசர் விஷயத்தில் உங்களோடு உடன்பட முடியவில்லை. பஞ்சர் கடைத் தொட்டியில் தண்ணீர் கோத்திருக்கும், அது காற்றோடு சேர்ந்து சாரலாக மதர்போர்டில் இறங்கும். விசிறியும் தன் அளவுக்கு மீறிய வேகத்தில் சுற்றி பேரிங் கெட்டுவிடும். பெயின்ட் அடிக்கும் ஓரங்குல பிரஷ், புதியதாக ஒன்று, அதுவே தாராளம். விசிறியைத் துடைக்கும்போது இறக்கைக்குள் ஒரு பென்சிலைக் கொடுத்துச் சுற்றாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

மேலூர் வயரிங்:

அண்ணே, ஷாக் அடிப்பதைப் பற்றி யாரும் எழுதவில்லை. மூன்றில் உயிரோடு சம்பந்தப்பட்டது அதுதான். முப்பது ஆண்டுகளாக வயரிங் வேலை பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். கணினியில் குறையில்லை, உங்கள் சுவரில் எர்த் இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் முகப்பில், மின் இரைச்சலை வடிகட்டுவதற்காக, மின்சாரம் வரும் பேஸ் வயரிலிருந்தும் அது திரும்பிப் போகும் நியூட்ரல் வயரிலிருந்தும் கேபினெட்டின் இரும்புக்கு ஒவ்வொரு சிறிய கெப்பாசிட்டர் வைத்திருப்பார்கள். எர்த் நன்றாக இருந்தால் அதன் வழியாக வரும் துளி மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும். எர்த் அறுந்திருந்தால், 230 வோல்ட்டில் ஏறத்தாழ பாதியான 115 வோல்ட் இரும்பிலேயே நிற்கும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் சுள்ளென்பதோடு நிற்கிறது. ஆனால் நாளைக்கே உள்ளே ஒரு வயர் உரசி முழு பேஸும் இரும்பில் ஏறினால், அதை இழுத்துக்கொள்ள எர்த் இருக்காது. வெறுங்காலோடு நிற்கும் உங்கள் மகள்தான் இருப்பாள்.

மல்டிமீட்டர் வைத்திருக்கும் எலக்ட்ரீஷியன் ஒருவரைக் கூப்பிட்டு அந்த மூன்று ஓட்டை பிளக் பாயின்ட்டில் அளக்கச் சொல்லுங்கள். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230 இருந்தால், பேஸுக்கும் எர்த்துக்கும் ஏறக்குறைய அதே அளவு வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஓரிரு வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. பழைய வீடுகளில் பாயின்ட் வரைக்கும் எர்த் வயரே இழுத்திருக்க மாட்டார்கள். இழுத்திருந்தாலும் வெளியே புதைத்த குழி, கரியும் உப்பும் கொட்டியதுதான், கோடையில் வறண்டு ஓடுபோல் ஆகியிருக்கும். குழி இருந்தால் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

ஒரு காரியத்தை மட்டும் யார் சொன்னாலும் செய்துவிடாதீர்கள். வேலை சீக்கிரம் முடிவதற்காகச் சிலர் பாயின்ட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிடுவார்கள். ஷாக் நின்றுவிடும். என்றைக்காவது வெளியே நியூட்ரல் அறுந்தால் அன்றைக்கு முழு 230 வோல்ட்டும் கேபினெட்டில் வந்து உட்காரும்.

செல்லூர்த் தறிக்காரர்:

மூவருக்கும் நன்றி. ஒரு வாரம் கழித்து எழுதுவதற்கு மன்னிக்கவும். ஒவ்வொன்றாகச் செய்து பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தேன்.

சுவர் சுவிட்சை அணைக்காமல் விட்ட அன்று காலையில் தேதி சரியாகவே இருந்தது. 40 ரூபாய்க்குப் பேட்டரி வாங்கி, எழுத்துள்ள பக்கம் மேலே இருக்கும்படி போட்டேன். இப்போது சுவிட்சை அணைத்தாலும் தேதி மாறவில்லை, ஜிஎஸ்டிஆர்-1ஐயும் முடித்துவிட்டேன். அணைந்த உடனே பயாஸில் பார்த்தபோது 97 டிகிரி. அன்று மாலை தறிகளை நிறுத்திவிட்டு விசிறியைக் கழற்றினேன். ஆய்வகத்து நண்பர் போர்வை என்று எழுதியதை உவமை என்றே நினைத்திருந்தேன், ஐயா. விசிறியின் அளவுக்கே வட்டமாக, ஒரு விரல் கனத்தில், ஊதாவும் வெள்ளையும் கலந்து, நான் கடந்த பொங்கலுக்கு நெய்த துண்டின் நிறத்திலேயே அது கையோடு வந்தது. மகள் அதை எடுத்து வைத்திருக்கிறாள். முதல்முறை பூட்டியபோது ஒரு ஊசி இறங்கவில்லை, 85 காட்டியது. மறுபடி கழற்றிப் பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாக வைத்துப் பூட்டினேன். இப்போது பயாஸில் 44, மதியத்தில் நான்கு மணி நேரம் ஓட்டியும் அணையவில்லை.

எலக்ட்ரீஷியன் வந்து அளந்ததில், பாயின்ட்டில் எர்த் ஓட்டை வெறும் அலங்காரம் என்று தெரிந்தது. உள்ளே வயரே இல்லை. தறி மோட்டார்களுக்காகப் புதைத்த எர்த் நல்ல நிலையில் இருப்பதால் அங்கிருந்து பச்சை வயர் இழுத்துக் கொடுத்திருக்கிறார். இப்போது திருகைத் தொட்டால் ஒன்றுமில்லை.

இன்னும் ஒரு கேள்வி மட்டும். பல நாட்கள் இப்படித் திடீர் திடீரென்று அணைந்ததால் ஹார்ட் டிஸ்க்குக்கு ஏதாவது ஆகியிருக்குமா? பில் கோப்புகளைத் திறக்கும்போது சில நேரம் ஒரு நிமிடம் நின்று யோசிக்கிறது.

திருநகர் ஆய்வகம்:

ஆகியிருக்கலாம், ஐயா. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை இறக்கித் திறந்தால், மேலேயே நீல நிறத்தில் நலம் என்றோ மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை என்றோ ஒரு கட்டம் இருக்கும். கீழே உள்ள பட்டியலில் 05, சி5 என்ற எண்களுள்ள இரண்டு வரிகளின் கடைசி மதிப்பு சுழியமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் டிஸ்க்கின் பரப்பில் படிக்க முடியாத இடங்கள் தோன்றத் தொடங்கிவிட்டன என்று பொருள். ஆனால் அதைப் பார்ப்பதற்கு முன்பே, இன்றைக்கே, பில் கோப்புகள் உள்ள ஃபோல்டரை ஒரு பென் டிரைவில் நகலெடுத்து, அதைக் கணினியிலிருந்து பிடுங்கி பீரோவில் வையுங்கள். அதற்குப் பிறகு சோதனையை நடத்துங்கள். மஞ்சள் வந்தால் 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான சேமிப்பகம்) ஒன்றை வாங்கி விண்டோஸை அதில் ஏற்றிக்கொள்ளலாம். நீலமே வந்தாலும் என் ஆய்வகமாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன்; அந்த மதர்போர்டு இன்னும் சில ஆண்டுகள் ஓடும்.