சேலம் சொந்தங்கள் (குடும்பக் குழு)

சனி, இரவு 8:10

கவிதா: பெரியப்பாவ டிஸ்சார்ஜ் பண்ணி குகை ஏரியா வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தாச்சுங்க. இதயத்து ரத்தக்குழாய் அடைப்புக்கு ஒரு ஸ்டென்ட் (சின்னக் கம்பிவலைக் குழாய்) வச்சிருக்காங்க. எந்திரிச்சு நடக்கிறாரு.

சுமதி அத்தை: முருகன் காப்பாத்திட்டான். பில்லு எவ்வளவு கண்ணு?

கவிதா: 2,10,000 அத்தை. பெரியம்மாவோட ஆரமும் ரெண்டு வளையலும் அடகுக்குப் போயிருச்சு.

பிரபு: ஸ்டென்ட் விலையத்தான் 2017லயே குறைச்சாங்களே?

கவிதா: குறைச்சாங்கண்ணா. பில்லுல அது 38,000 சொச்சம்தான். மீதியெல்லாம் ஐசியூ வாடகை, டாக்டர் ஃபீஸ், டெஸ்ட்டு, கையுறை வரைக்கும் தனித்தனியா கணக்குப் போட்டிருக்காங்க. அதுக்கெல்லாம் யாரும் உச்சவரம்பு வைக்கல.

ஏற்காடு மாமா: முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லையா? எங்க பக்கத்து வீட்டுக்காரருக்கு அதுலதான் வால்வு ஆபரேஷன் ஆச்சு. கையில இருந்து ஒரு ரூபா போகல.

கவிதா: அதான் மாமா வயிறு எரியுது. போன வருஷம் அட்டைக்கு அலைஞ்சோம். குடும்ப வருமான வரம்பு வருஷத்துக்கு 1,20,000. நம்ம வருமானச் சான்று 1,44,000ன்னு வந்துச்சு. பெரியப்பாவுக்குப் பட்டறையில மாசம் 8,000. அது மட்டும்னா உள்ளதான் வரும். பெரியம்மா வீட்டுல உக்காந்து கொலுசுக்குச் சலங்கை கோத்து 4,000 சம்பாதிக்கிறாங்கல்ல, அதுல தாண்டிருச்சு. ராத்திரி ட்யூப் லைட்டுக்குக் கீழ கண்ணுல தண்ணி வர வர கோத்த காசு மாமா அது.

பிரபு: முன்னாடி வரம்பு 72,000தானே, ஒசத்திருக்காங்க.

கவிதா: ஒசத்தினது நல்லதுதான். ஆனா மாசக் கணக்குப் பாருங்க, 10,000. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் வேலைக்குப் போற எந்த வீடு இதுக்குள்ள அடங்கும்? 10,000 வரைக்கும் 5 லட்சம் கவர். நூறு ரூபா கூடினா ஒண்ணுமே இல்ல. கொஞ்சம் மேல இருக்கறவங்ககிட்ட ஒரு சின்னத் தொகை வாங்கிட்டாவது சேத்துக்கணும்.

பிரபு: தனியா பாலிசி போடலாமே. 2025 செப்டம்பர் 22ல இருந்து தனிநபர் பாலிசிக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமும் கிடையாது.

கவிதா: ரெண்டு பேருக்கும் விசாரிச்சேன். பிரீமியம் அவரோட மூணு மாசக் கூலி. சுகர் வேற இருக்கு, அதுக்குன்னு மூணு வருஷம் காத்திருக்கச் சொல்றாங்க.

சித்தப்பா: தனியார் ஆஸ்பத்திரிக்குக் காப்பீட்டுல கொட்டற காசை ஜி.எச்சுக்குக் கொடுத்தா எல்லாருக்குமே ஆகும். அங்க அட்டை இல்லாமயும் பாக்கறாங்கல்ல.

கவிதா: நியாயந்தான் சித்தப்பா. ராத்திரி 2 மணிக்கு நெஞ்சப் புடிச்சுட்டு உக்காந்தாரு, பக்கத்துல இருந்த ஆஸ்பத்திரிக்கே தூக்கிட்டு ஓடிட்டோம். அந்த நேரத்துல வேற எதுவும் தோணல. ஆனா ஒண்ணு, அட்டை இருக்கறவங்க ஜி.எச்சுக்குப் போனாலும் மறக்காம காட்டுங்க. அந்தக் காப்பீட்டுத் தொகை ஜி.எச்சுக்கே வந்து சேருது. எனக்கு ரெண்டுமே வேணும்.

சித்தப்பா: சரி, இப்ப என்ன பண்ணப் போற?

கவிதா: திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள். மனு எழுதிட்டிருக்கேன்.

ஏற்காடு மாமா: இங்கயும் இப்படி விட்டுப்போன வீடு மூணு இருக்கு. அவங்க சான்றையும் வாங்கிட்டு முதல் பஸ்ஸுல இறங்கிடறேன்.

பெரியம்மா: மனுவுல என் சலங்கைக் கூலியையும் எழுது கண்ணு. மறைக்காத.