400 கிராம் ரிம், டியூப் கிடையாது: மலைச் சைக்கிள் சக்கர அனுபவங்கள்

#1

29 அங்குல அலுமினிய ரிம், எடை 400 கிராமை ஒட்டி, டியூப் இல்லாமல் ஓட்டுவதற்கு. இந்த ரகத்தில் எது நின்றது, எது போனது, ஏன் போனது என்பதை இங்கே சேர்ப்போம். ஒரே ரிம்மை ஒருவர் "பறக்குது" என்கிறார், இன்னொருவர் "தகரம்" என்கிறார். இருவருமே ஐந்து விவரங்களைச் சொல்வதில்லை: ஓட்டுபவரின் எடை, ரிம்மின் உள் அகலம், டயர் அளவு, எத்தனை பவுண்டு காற்று, ஸ்போக் டென்ஷன் (கம்பியின் இறுக்கம்). இவை இல்லாத பாராட்டையும் திட்டையும் ஒதுக்கிவிடலாம்.

பின்னணி சுருக்கமாக. சக்கரம் செய்யும் மேவிக் நிறுவனம் 1999-ல் கொண்டுவந்த யுஎஸ்டி என்ற டியூப்லெஸ் முறையில் ரிம்மின் உள்சுவரில் வால்வுக்கு மட்டும்தான் ஓட்டை. டேப் தேவையில்லை. ஆனால் அதற்கென்று செய்த டயர்கள் கனமானவை. 2001-ல் தொடங்கிய ஸ்டான்ஸ் நோட்யூப்ஸ் வேறு வழியில் போனது: வழக்கம்போல ஸ்போக் ஓட்டை போட்ட ரிம், அதன்மேல் மெல்லிய டேப், டயருக்குள் ஓட்டையை அடைக்கும் ரப்பர் பால். ரிம்மின் பக்கச்சுவரைக் குட்டையாக்கி, டயரின் பீட் (ரிம்மில் உட்காரும் விளிம்பு) இறுக்கமாகப் போய் உட்காரும்படி தளத்தை அமைத்தார்கள். சுவர் குட்டையானதால் அலுமினியமும் குறைந்தது. இன்று நாம் பேசும் எடை குறைந்த ரிம்கள் பலவும் இந்த வழியில் வந்தவைதான். உள் அகலமும் மெதுவாக ஏறியிருக்கிறது: ஸ்டான்ஸின் முதல் கிரெஸ்ட் ரிம் 21 மி.மீ., கிரெஸ்ட் எம்கே3 23 மி.மீ. அதன் தடித்த உறவுகளான ஆர்ச் எம்கே3 26, ஃப்ளோ எம்கே3 29.

எடையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. சுற்றும் எடை பத்து மடங்கு என்று கடைகளில் சொல்வதை நம்பாதீர்கள். ரிம்மில் குறையும் 100 கிராம், வேகம் எடுக்கும்போது 200 கிராம் குறைந்ததற்குச் சமம். அவ்வளவுதான். ஒரே வேகத்தில் மேடு ஏறும்போது 100 கிராம் வெறும் 100 கிராம். 70 கிலோ ஆள், 12 கிலோ சைக்கிள் என்று வைத்தால் இரண்டு ரிம்மிலும் சேர்த்துக் குறைந்த 200 கிராம் மொத்த எடையில் 0.24 சதவீதம். வளைவில் நிறுத்தி நிறுத்தி முடுக்கும் தடத்தில் கால் அதை உணரும். நீண்ட ஏற்றத்தில் தேடினாலும் கிடைக்காது.

#2

டேப்பைப் பற்றி எழுதுகிறேன். "ரிம் காற்று பிடிக்கல" என்று வரும் சக்கரங்களில் பெரும்பாலும் குற்றவாளி இதுதான்.

அகலம்: ரிம்மின் உள் அகலத்தைவிட 3 முதல் 5 மி.மீ. கூடுதலாக வாங்குங்கள். 23 மி.மீ. ரிம்முக்கு 27 அல்லது 28. அப்போதுதான் டேப்பின் ஓரம் பீட்டுக்குக் கீழே முழுமையாகப் போகும், டயரே அதை அழுத்திப் பிடிக்கும். சரியாக 23 வாங்கி ஒட்டினால் முதல் முறை டயரைக் கழற்றும்போதே ஓரம் சுருண்டு வந்துவிடும். அதற்காக 32 வாங்கி ஒட்டினால் பக்கச்சுவரில் ஏறி மடிப்பு விழும், அந்த மடிப்பு வழியாகவே காற்று கசியும்.

பொருள்: பிராண்டு பெயர் போட்ட மஞ்சள் டேப் விலை அதிகம் என்பவர்கள் டெசா 4289 வாங்குகிறார்கள், நன்றாகவே வேலை செய்கிறது. மின்சார இன்சுலேஷன் டேப் மட்டும் வேண்டாம். அது இழுத்தால் நீளும், அதன் பசை ரப்பர் பாலில் ஊறிக் கரையும்.

ஒட்டும் முறை: பழைய பசையைச் சுரண்டி எடுத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் இரண்டு முறை துடைத்து, காயவிடுங்கள். வால்வு ஓட்டைக்கு 8 செ.மீ. முன்னால் தொடங்கி, முழுச் சுற்று வந்து, ஓட்டையை 8 செ.மீ. தாண்டி முடியுங்கள். வால்வு இருக்கும் இடத்தில் இரண்டு அடுக்கு கிடைக்கும். டேப்பை நன்றாக இழுத்தபடி ஒட்ட வேண்டும், நடுப்பள்ளத்தில் பாலம்போல நிற்கக் கூடாது. 29 அங்குல ரிம்முக்கு ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.05 மீட்டர் பிடிக்கும். 9 மீட்டர் சுருளில் நான்கு சக்கரம் தேறும்.

பாதுகாப்புக்கு இரண்டாவது சுற்றும் ஒட்டலாமா என்று கேட்பார்கள். 25 பவுண்டு காற்றுக்குத் தேவையில்லை. நடுப்பள்ளத்தின் ஆழம் குறைந்து டயரை ஏற்றுவது பெரும்பாடாகும், அவ்வளவே.

வால்வு ஓட்டையைக் கத்தியால் கிழிக்காதீர்கள். கிழித்த முனையிலிருந்து டேப் மேலும் கிழியும். ஆணியைச் சூடாக்கி உருக்கித் துளையிட்டால் விளிம்பு உருண்டு நிற்கும். பிறகு பால் ஊற்ற அவசரப்படாமல், டியூப் போட்டு டயரை ஏற்றி 35 பவுண்டில் ஓர் இரவு விடுங்கள். டேப் பள்ளத்தில் அழுந்தி ஒட்டும். மறுநாள் ஒரு பக்க பீட்டை மட்டும் விலக்கி டியூபை எடுத்து வால்வை மாட்டினால், பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கும். வால்வு நட்டைக் கையால் மட்டும் இறுக்குங்கள். பிளையர் வைத்தால் ரப்பர் அடி பிதுங்கி டேப்பைக் கிழிக்கும். அதோடு, வழியில் பஞ்சராகி டியூப் போட வேண்டி வந்தால் அந்த நட்டு கழலவே கழலாது.

கசிவு தேடும்போது ஒரு விஷயம். நிப்பிள் (ஸ்போக்கை ரிம்மில் பிடிக்கும் சிறு நட்டு) பக்கத்தில் சோப்பு நுரை குமிழ் விட்டால், ஓட்டை அதற்கு நேர் மேலே என்று எண்ண வேண்டாம். ரிம் உள்ளே குழல். டேப் எங்கே கிழிந்தாலும் காற்று அந்தக் குழலுக்குள் சுற்றி, எந்த நிப்பிள் தளர்வாக இருக்கிறதோ அதன் வழியாகவோ, ரிம் மூட்டு வழியாகவோ வெளியேறும். ஆகவே ஒட்டுப் போட்டுப் பார்க்காமல் டேப்பை முழுதாக உரித்துப் புதிதாக ஒட்டுவதுதான் வழி.

#3

மேலே சொன்னது காற்றுக் கதை. சக்கரம் கட்டுபவர்களுக்குத் தலைவலி வேறு.

எடை குறைந்த டியூப்லெஸ் ரிம்மில் டயரை ஏற்றிக் காற்றடித்ததும் ஸ்போக் டென்ஷன் இறங்கும். எந்த ரிம்மிலும் காற்றழுத்தம் ரிம்மை உள்நோக்கி அமுக்கத்தான் செய்யும். ஆனால் இங்கே இரண்டு காரணம் சேர்கிறது: ரிம்மின் சுவர் மெல்லியது, அதோடு டியூப்லெஸ் பீட் இறுக்கமாக உட்கார்ந்து வளையம் போட்டதுபோல நெரிக்கிறது. 10 முதல் 20 சதவீதம் இறங்குவது சாதாரணம்.

பின் சக்கரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கேசட் (பின் பல்சக்கரத் தொகுதி) பக்கம் ஸ்போக்குக்கு 105 கிலோ டென்ஷன், மறுபக்கம் சுமார் 65 கிலோ என்று கட்டியிருக்கிறீர்கள். டயர் ஏறியதும் கேசட் பக்கம் 90, மறுபக்கம் 55. ஓட்டும்போது சக்கரத்தின் அடியில் வரும் ஸ்போக்குகள் இன்னும் தளரும். தளர்ந்த பக்கத்தில் நிப்பிள் தானாகவே சுழன்று கழல ஆரம்பிக்கும். இரண்டு வாரத்தில் சக்கரம் கோட்டமாகி வரும், "ரிம் சரியில்லை" என்று பெயர் வரும்.

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். டயர் மாட்டிய நிலையில் டென்ஷன் மீட்டரை வைத்துப் பார்த்து, குறைவாக இருக்கிறதே என்று ஏற்றிவிடுகிறார்கள். மறுமுறை டயரைக் கழற்றியதும் டென்ஷன் 120-ஐத் தாண்டி நிற்கும். பழைய மெல்லிய ரிம்கள் சிலவற்றுக்குத் தயாரிப்பாளர் தந்த உச்ச வரம்பே 95 கிலோதான். அந்த மிகைதான் நிப்பிள் ஓட்டையைச் சுற்றி முடிபோன்ற விரிசலாகப் பிறகு தெரிகிறது. எப்போதும் டயர் இல்லாமல்தான் அளக்க வேண்டும், வரம்புக்குச் சற்றுக் கீழே நிறுத்த வேண்டும். டயர் ஏற்றியபின் அளப்பது தெரிந்துகொள்ள மட்டும்.

செய்ய வேண்டியவை: ஒரே பக்கத்து ஸ்போக்குகளுக்குள் வேறுபாடு 10 சதவீதத்துக்குள் இருக்கட்டும். மெல்லிய ரிம்மில் சராசரியைவிடச் சமம்தான் முக்கியம், ஏனென்றால் சுமையைப் பக்கத்து ஸ்போக்குக்குக் கடத்தும் விறைப்பு இந்த ரிம்முக்குக் குறைவு. மரையில் ஆளி விதை எண்ணெய் தொட்டு வைத்தால், காய்ந்தபின் நிப்பிள் தானாகச் சுழலாது, சாவி போட்டால் சுழலும். முடிந்தால் ஓட்டைகள் ஒரு பக்கம் 2, 3 மி.மீ. தள்ளிப் போட்ட ரிம் வாங்குங்கள். இரு பக்க டென்ஷனும் நெருங்கி வரும்.

ஸ்போக் தேர்வும் இதோடு சேர்ந்தது. நடுவில் 1.5 மி.மீ. வரை மெலிந்த ஸ்போக் எடை குறைவு என்று எல்லோரும் பாய்கிறார்கள். கட்டும்போது அது முறுக்கிக்கொள்ளும். ஸ்போக்கின் மேல் சிறு துண்டு டேப்பைக் கொடிபோல ஒட்டிவைத்தால் எவ்வளவு முறுக்கியது என்று தெரியும். கால் சுற்று கூடுதலாகத் திருப்பிக் கால் சுற்று திரும்ப விடுங்கள். பார்க் டூல் டிஎம்-1 போன்ற மீட்டரில் 1.5-க்கும் 1.8-க்கும் தனித்தனி அட்டவணை இருக்கிறது. தவறான வரிசையைப் பார்த்துவிட்டு மீட்டர் பொய் சொல்கிறது என்பவர்கள் ஏராளம்.

நிப்பிள் பித்தளையாக இருக்கட்டும். அலுமினிய நிப்பிளால் ஒரு சக்கரத்துக்கு 20 கிராம் சொச்சம் மிச்சம். ஆனால் டேப் கசிந்து அம்மோனியா கலந்த பால் உள்ளே போனால் அது அரித்துத் தலை முறியும்.

#4

காற்றழுத்தம். ஸ்டான்ஸ் தரப்பில் சொல்லப்பட்ட பழைய சூத்திரம் இன்றும் தொடக்கப் புள்ளியாக உதவும்: ஓட்டுபவரின் எடையைப் பவுண்டில் எடுத்து 7-ஆல் வகுத்து, முன்சக்கரத்துக்கு 1 கழி, பின்சக்கரத்துக்கு 2 கூட்டு. 70 கிலோ என்றால் 154 பவுண்டு. வகுத்தால் 22. முன்னால் 21, பின்னால் 24.

21 மி.மீ. ரிம், 2.1, 2.2 டயர் காலத்துச் சூத்திரம் இது. 25-க்கு மேல் உள் அகலமும் 2.35 டயரும் இருந்தால் இரண்டு மூன்று பவுண்டு குறைத்துத் தொடங்கலாம். மாறாக, 21 மி.மீ. ரிம்மில் 2.4 டயர் போட்டுவிட்டு 19 பவுண்டில் ஓட்டினால் வளைவில் டயர் சாய்ந்து பீட் ஒரு கணம் விலகி "புஸ்" என்று காற்று விடும். ரிம்மில் தப்பில்லை. ஒல்லியான ரிம்மின் மேல் டயர் பலூன்போல நிற்கிறது, அதுதான்.

மேல் வரம்பையும் கவனியுங்கள். டயர் டக் டக்கென்று உட்காரவில்லை என்று கம்ப்ரசரில் 60 அடிப்பவர்கள் உண்டு. இந்த ரக ரிம்மில் 40-ஐத் தாண்ட வேண்டாம். உட்காராவிட்டால் வால்வு பின்னைக் கழற்றிவிட்டு அடியுங்கள், காற்று வேகமாகப் போகும். பீட்டில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் அந்த டயர் இந்த ரிம்முக்கு ஏற்றதல்ல. டியூப்லெஸுக்கென்று செய்யாத டயரின் பீட் தளர்வாக இருக்கும். பால் போட்டுக் காற்றை நிறுத்திவிடலாம், வளைவில் பீட்டை நிறுத்த முடியாது.

#5

பால் அளவு: 29 × 2.2-க்கு 90 மி.லி., 2.4-க்கு 110, 120. புது டயர் சுவர் கொஞ்சம் குடிக்கும், முதல் முறை 20 கூடுதலாக ஊற்றுங்கள். டியூபை விட்டதால் எடை எவ்வளவு குறையும் என்று பார்த்தால், டியூப் 190 கிராம் போகிறது, பாலும் டேப்பும் வால்வும் சேர்ந்து 105 வருகிறது. ஒரு சக்கரத்துக்கு 85 கிராம் லாபம். உண்மையான லாபம் குறைந்த காற்றில் கிடைக்கும் பிடிப்பும், முள் பஞ்சர் இல்லாததும்தான். சீமைக்கருவேலங்காட்டுப் பக்கம் ஓட்டுபவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நம் வெயிலில் பால் சீக்கிரம் காயும். பாட்டிலில் ஆறு மாதம் என்று போட்டிருந்தாலும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். வால்வைக் கீழே வைத்து ஐந்து நிமிடம் விட்டு, காற்றை இறக்கி, பின்னைக் கழற்றி மெல்லிய கேபிள் டையை உள்ளே விட்டு எடுத்தால் ஈரம் எவ்வளவு உயரம் என்று தெரியும். ஈரமே இல்லையென்றால் முழு அளவும் ஊற்றுங்கள், பாதி பாதியாக வேண்டாம். சிஓ2 குப்பியால் காற்றடித்தால் ரப்பர் பால் திரிந்துபோகும். அவசரத்துக்கு அடிக்கும்போது வால்வை மேலே வைத்துக்கொள்ளுங்கள். வீடு வந்ததும் புதுப் பால் மாற்றுங்கள்.

#6

எல்லோரும் நாசூக்காக விட்டுவிட்ட விஷயம் ஒடுக்கு. 400 கிராம் ரிம்மில் கல் அடித்தால் ஒடுக்கு விழும். மெல்லிய சுவர், வேறெப்படி இருக்கும்? சின்ன ஒடுக்கை நேராக்கலாம்: டயரைக் கழற்றி, ஸ்பானரின் வாயில் துணி சுற்றி, ஒரேயடியாக வளைக்காமல் மூன்று நான்கு தடவையாக எடுங்கள். பீட் உட்காரும் இடத்தில் கூர்முனை இருந்தால் மெல்லிய உப்புத்தாள் போடுங்கள். அதே இடத்தில் இரண்டாவது முறை ஒடுக்கு விழுந்தால் ரிம்மை மாற்றிவிடுங்கள். வளைந்து நிமிர்ந்த அலுமினியம் மூன்றாவது முறை வெடிக்கும்.

சிலர் ரிம்மைக் காப்பாற்ற உள்ளே நுரை வளையம் போடுகிறார்கள். குஷ்கோர் எக்ஸ்சி போன்றது 29 அங்குலத்தில் 150 கிராம் வரும். 390 கிராம் ரிம்மும் 150 கிராம் நுரையும் சேர்ந்தால் 540. அதற்கு 480 கிராம் ரிம் வாங்கி நுரையில்லாமல் ஓட்டுவது மேல், டயர் மாற்றும்போது விரலும் மிஞ்சும். 80 கிலோவுக்கு மேல் இருப்பவர்கள் பின்சக்கரத்துக்கு ஆர்ச் எம்கே3 மாதிரி 26 மி.மீ. ரிம்மும், முன்சக்கரத்துக்கு மட்டும் மெல்லியதும் போடலாம். அடி விழுவது பெரும்பாலும் பின்னால்தான்.

#7

விரிசல் பார்ப்பது எப்படி என்று கேட்டிருந்தார்கள். பின் ரிம், கேசட் பக்கத்து நிப்பிள்கள், அதிலிருந்து தொடங்குங்கள். சேறு போகக் கழுவி, டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து ஒவ்வொரு ஓட்டையாகப் பாருங்கள். ஓட்டை விளிம்பிலிருந்து கோடு ரிம்மின் நீளவாக்கில் ஓடும். பெயின்ட் கோடா, விரிசலா என்று சந்தேகமென்றால் நகத்தை ஓட்டினால் தட்டும். கண்ணுக்குத் தெரியாத நிலையிலும் ஓர் அறிகுறி உண்டு: அந்த ஒரு ஸ்போக் மட்டும் ஒவ்வொரு வாரமும் தளர்ந்துகொண்டே இருக்கும், எத்தனை முறை கோட்டம் எடுத்தாலும் அதே இடத்தில் திரும்பி வரும்.